வாய்திறவாச் சாமியின் முகம்

கையை இறக்குங்க தம்பி. யாரைக் கும்பிடுறோம்னு தெரியாம கும்பிடக் கூடாது. அந்தா, டிரைவர் தலைக்கு மேல ஊதுபத்தி சொருகி, கதம்பம் தொங்குதே, அந்தப் படத்தைத்தானே கும்பிட்டீங்க? நல்லாப் பாருங்க. இப்ப இப்படித் திரும்பி என்னைப் பாருங்க. மறுபடி அதைப் பாருங்க.

ஒண்ணும் தெரியலையா? தெரியாது. யாருக்கும் தெரியல. அதை நினைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அது நான்தான் தம்பி.

சிரிங்க, சிரிங்க. சிவகாசியில ஊரே சிரிச்சாச்சு, நீங்க ஒருத்தர் சிரிச்சா நான் தேய்ஞ்சா போயிருவேன்? மதுரை போக இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு. தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாரேன். ஆனா சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லணும். முன்னால, லேடீஸ் சீட்டுல, மூணாவது வரிசை, அரக்குச் சேலை கட்டி மடியில மஞ்சப்பையை வச்சிருக்காளே, அது என் வீட்டுக்காரி சீனியம்மா. பைக்குள்ளயும் இதே படம்தான் இருக்கு, கண்ணாடி போட்டு. இன்னைக்கு அவளுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு கண்ணுலயும் புரை. இன்னைக்கு வலது கண்ணு. நாளைக்குக் காலையில கட்டை அவுத்தாங்கன்னா பளிச்சுனு தெரியுமாம். தெரிஞ்சுதோ, என் பிழைப்பு போச்சு. ஏன்னு சொல்றேன்.

என் பேரு வெயிலுமுத்து. சினிமாக் கொட்டகையில முப்பத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சவன். ஊருல நாலு பேரு நம்மளைச் சுத்தி உட்கார்ந்தா ஒரு கதை சொல்லி அனுப்புவேன், அவ்வளவுதான். பொய் சொல்லுறவன்னு பேரு. பொய் ஒண்ணும் இல்ல. இந்தத் தாடியில ஒரு சித்திரை மாசம் குருவி கூடு கட்டிருச்சு. மூணு குஞ்சு. அதுங்களுக்கு றெக்கை முளைக்கிற வரைக்கும் நான் முற்றத்துல மல்லாந்தே கிடந்தேன், கஞ்சியைக்கூட உறிஞ்சுகுழல் வச்சுத்தான் குடிச்சது. என்ன, பாக்குறீங்க? சரி, ரெண்டு குஞ்சு. உங்களுக்காக ஒண்ணைக் குறைச்சாச்சு.

பென்ஷன் ஆபீசுல போட்டோ கேட்டாங்கன்னு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பெனடிக்ட் கடைக்குப் போனேன். டிசைன் கடை. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கதான். ஆளுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கம்ப்யூட்டர் முன்னாலயே உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலி அளவுக்கு இடுப்பு ஊதிப்போச்சு. அவனுக்கு நான் ஒரு கதை சொல்லிக்கிட்டிருந்தேன், நல்ல கதை, பாதியில இருக்கு. அவன், "பெரியவரே, ஒரே ஒரு நொடி வாயை மூடுங்க"ன்னான். மூடினேன். டப்புனு எடுத்துட்டான். என் ஆயுசுலயே நான் முழிச்சிருக்கிறப்ப வாயை மூடினது அந்த ஒரு நொடிதான் தம்பி. அந்த நொடியைத்தான் அவன் வித்துட்டான்.

மேற்க மலையடிவாரத்துல வாய்திறவாச் சாமி சமாதி இருக்கில்ல? அறுபது வருஷம் ஒரு வார்த்தை பேசாம இருந்து அடங்கினவரு. அவருக்குப் படம் கிடையாது. எடுக்க வந்தவனைக் கல்லால அடிச்சாராம். அதனால வருஷா வருஷம் காலண்டர்ல ஒரு விளக்கை மட்டும் போடுவாங்க. போன வருஷம் சமாதிக் கமிட்டிக்காரங்களுக்கு என்ன தோணுச்சோ, முகம் வேணும்னு பெனடிக்ட் கடையில வந்து நின்னுட்டாங்க. தாடி வச்ச முகம், சாந்தமான முகம், நாளைக்கே அச்சுக்குப் போகணும்.

அப்புறம் என்ன? மார்கழிக் கடைசியில தவசி டீக்கடைக்குப் போறேன். சுவத்துல நான் தொங்குறேன்.

எனக்கே முதல்ல பிடிபடல. யாரோ சொந்தக்காரன் சாயல்ல இருக்கானேன்னு பாத்தேன். கிட்டப் போய்ப் பாத்தா என் மூஞ்சியேதான். தோல் ரோஜாப்பூ நிறம். கண்ணுல பால் வடியுது. நெத்தியில ஒரு சுருக்கம் இல்ல. தாடின்னா அது தாடியா? ஜவுளிக்கடை பொம்மைக்கு ஒட்டின பஞ்சு. எண்ணெய்ச் சாயத்துல எவனோ ஆறு மாசம் உட்கார்ந்து தீட்டின மாதிரி தூரிகை இழுப்பு வேற, வரிவரியா. தலைக்குப் பின்னால வட்டமா வெளிச்சம். அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு நான் ஆம்லெட் கேக்குறேன். தவசி, "சாமி படத்துக்குக் கீழ முட்டை கூடாது அண்ணாச்சி, அந்தப் பக்கம் போங்க"ங்கிறான். என்னைத்தான் தம்பி! என் படத்துக்குக் கீழ நான் திங்கக் கூடாதாம்!

"ஏய், அது நான்தாண்டா"ன்னேன்.

கடையே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் தவசி சொல்றான், "போன மாசம் தாடியில குருவி குஞ்சு பொரிச்சது. இந்த மாசம் நீங்களே சாமியாயிட்டீங்களா? அடுத்த மாசம் என்ன அண்ணாச்சி, திருவிழாவா?" பக்கத்துல இருந்த ஒருத்தன், "சாமி குத்தம் ஆகிப்போகும், வாயைக் கழுவும்"னு என் கையில இருந்த டீ கிளாசைப் பிடுங்கிட்டான். எழுபத்தி நாலு வயசுல ஒரே ஒரு நிசத்தைச் சொன்னேன். அதை ஒருத்தன் நம்பல. த்தூ.

நேரா பெனடிக்ட்கிட்ட போனேன்.

"ஏண்டா, என்னை என்னடா பண்ணி வச்சிருக்க?"

அவன் எந்திரிக்கக்கூட இல்ல. "உட்காருங்க பெரியவரே, காட்டுறேன்"னு திரையில என் போட்டோவைக் கொண்டாந்தான். பரு, சுருக்கம், காது மயிரு, எல்லாம் அப்படியே இருக்கிற என் சொந்த மூஞ்சி. பாக்கவே ஆறுதலா இருந்துச்சு. கீழ ஒரு கோடு, அதுல ஒரு குமிழ். அந்தக் குமிழை வலது பக்கம் தள்ளுறான். தள்ளத் தள்ள என் மூஞ்சி குழையுது தம்பி. வெயில்ல வச்ச வெண்ணெய் மாதிரி இளகி, ஒழுகி, வரிவரியா இழுபடுது. கையில தூரிகை இல்ல, கடையில ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, ஆனா எண்ணெய்ச் சாய ஓவியமாம். "பழசாத் தெரியணுமா?"ன்னு இன்னொரு பொத்தானை அமுக்குறான். அரண்மனையில தொங்குற பழைய ஓவியத்துல விடுமே வெடிப்பு, அது என் கன்னத்துல விடுது. நூறு வருஷத்தை ஒரு சொடுக்குல ஏத்திட்டான். வேற பொத்தான் அமுக்கினா நீர்ச்சாயம், நான் மழையில நனைஞ்ச சுவரொட்டி மாதிரி ஊறிக் கிடக்கேன். இன்னொண்ணு கரிக்கட்டையில கிறுக்கினது. ஒரே நிமிஷத்துல ஆறு விதமா என்னைக் கெடுத்தான்.

"என் மூக்குப் பரு எங்கடா?"

"சாமிக்குப் பரு இருக்காதுய்யா."

"காதுல மயிரு?"

"சாமிக்கு ஏதுய்யா காதுல மயிரு?"

"இந்த வெளிச்ச வட்டம்?"

"அது மென்பொருள்லயே வருது. நான் போடல."

கேட்டா நியாயம் பேசுறான். அவன்கிட்ட இருந்த போட்டோவுல தாடிக்காரங்க ரெண்டே பேராம். நான் ஒண்ணு, ஒரு ஆட்டு வியாபாரி ஒண்ணு. அவருக்கு மாறுகண்ணு. "வேற வழியில்ல பெரியவரே. நீங்க ஏன் கவலைப்படுறீங்க? வாயை மூடின நேரத்துல உங்களை யாரு பாத்திருக்கா? உங்க வீட்டுக்காரம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

அந்தச் சொல்லுதான் தம்பி பலிச்சுப் போச்சு.

வீட்டுக்கு வந்தா, சாமி மாடத்துல, முருகனை ஒதுக்கி வச்சுட்டு நடுவுல நான் இருக்கேன். காலண்டரை வெட்டி, கண்ணாடி போட்டு, சந்தனம் வச்சு. கீழ ஒரு கிண்ணத்துல சர்க்கரைப் பொங்கல், முந்திரி மிதக்குது. எனக்கு அன்னைக்கு என்ன தெரியுமா? பழைய சோறு. தட்டை நங்குனு வச்சா பாருங்க, தெருவுல நாய் குலைச்சது.

அவ என்கிட்ட பேசி பதினோரு வருஷமாச்சு. காரணம் ஒண்ணுமில்லாத காரணம். அவ அண்ணன் மக கல்யாணம். பந்தியில எதுத்த வரிசையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. சும்மா இருக்காங்களேன்னு ஒரு கதை சொன்னேன். சீனியம்மா குறட்டைச் சத்தத்தைக் கேட்டு கூட்ஸ் வண்டி ஒண்ணு சிக்னல்ல நின்னுருச்சு, கார்டு இறங்கி வந்து எங்க வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, வண்டி போகலாமா வேண்டாமா"ன்னு கேட்டான்னு. பந்தியே உருண்டு சிரிச்சது. பாயசம் ஊத்துறவன் வாளியைக் கீழ வச்சுட்டான். நல்ல கதைதானே? இவ பாதி இலையில எந்திரிச்சுப் போயிட்டா. அன்னையிலேருந்து வாய் திறக்கல. அவளை ஊருல ‘கூட்ஸு’ன்னு ரெண்டு வருஷம் கூப்பிட்டாங்களாம். கூப்பிட்டது ஊரு, கோவம் என்மேல. நானும் ரோஷக்காரன். அவ பேசாட்டி நானும் பேசல.

அப்படிப்பட்டவ, படத்துக்கிட்ட பேசுறா தம்பி! பொழுது விடிஞ்சு விளக்கு ஏத்தினா அரை மணி நேரம். பால்காரன் தண்ணி ஊத்துறதுலேருந்து அவ முழங்கால் வரைக்கும் எல்லாம் சொல்லுவா. முருகன்கிட்ட பேசினா "நீ வந்து காப்பாத்தணும்"னுதான் சொல்லுவா. இந்தப் படத்துக்கு மட்டும் "வாங்க, போங்க, கேட்டுக்கிடுங்க". என்ன மரியாதை! அந்த வெண்ணெய் மூஞ்சிக்கு! நான் நடையில உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருப்பேன். "வீட்டுல ஒரு ஆளு இருக்காரு சாமி, பீடி இழுத்து இழுத்து இருமுறாரு. நீங்களாவது சொல்லக் கூடாதா?" படம் எப்படிச் சொல்லும்? கேக்கச் சகிக்கல.

ஒரு நாள், "முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலம் இருந்தா தேவலை சாமி"ன்னா. எனக்கு ஒரு குறும்பு. போய் வாங்கியாந்து படத்துக்குக் கீழ வச்சேன். அவ பயந்து அலறுவா, நான் சிரிக்கணும். எங்க? எடுத்துத் தேய்ச்சுக்கிட்டு, "ரொம்ப நன்றி சாமி. அடுத்த தடவை பெரிய பாட்டிலா வாங்குங்க"ங்கிறா. அலைஞ்சவன் நான், பேரு அந்தப் பயலுக்கு! ஆனா விட முடியல. கேக்கக் கேக்க நானும் கருப்பட்டி, மெத்துச் செருப்பு, சீப்புன்னு கொண்டாந்து வைக்கிறேன். ஊருல சாமி வரம் தருதுன்னு பேச்சு வேற. வரம் கேட்டு எங்க வீட்டு வாசலுக்கு நாலு பொம்பளைங்க வந்துட்டாங்க. அவங்களுக்கெல்லாம் நான் எங்க போவேன்?

தை கடைசியில ஒரு நாள் கதவுக்குப் பின்னால நின்னேன். அவ படத்துக்கிட்ட கேக்குறா, "பந்தியில அத்தனை பேரையும் என்னைப் பாத்துச் சிரிக்க வச்சது சரியா சாமி?" எனக்கு நாக்கு அரிச்சது. குரலைக் கனமாக்கி, "ஆம்பளைங்கன்னா நாலு வார்த்தை தமாஷாப் பேசுவாங்கதான் தாயீ"ன்னேன். யோசிச்சுப் பாருங்க, அறுபது வருஷம் வாய் திறக்காத சாமி வாயைத் திறந்திருக்கு. வேற பொம்பளையா இருந்தா தெருவுக்கு ஓடி ஊரைக் கூட்டியிருப்பா. இவ திரும்பிக்கூடப் பாக்கல. "இதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம்"னு சொல்லி விளக்கை மலையேத்திட்டுப் போயிட்டா. மூணு நாள் படத்துக்குப் பூ இல்ல, பொங்கல் இல்ல. எனக்குக் காப்பியில சீனி இல்ல. படத்துமேல கோவம்னா எனக்கு ஏன் சீனி குறையணும்? பாருங்க அநியாயத்தை.

நாலாம் நாள் மறுபடி வந்து நின்னா. "நான் எந்திரிச்சுப் போனேனே சாமி, வாசல்ல செருப்பைத் தேடுற மாதிரி அவ்வளவு நேரம் நின்னேன். பின்னாலயே வந்து ஒருத்தர் கூப்பிட்டாரா?"

அது எனக்குத் தெரியாது தம்பி. அவ வாசல்ல நின்னது. நான் பாயசத்துக்குக் காத்திருந்தேன்.

கதவுக்குப் பின்னால நின்னவன் கதவுல நெத்தியைச் சாய்ச்சேன். அப்புறம், "வந்திருக்கணும். தப்புதான்"னேன். நான் சொல்லல, சாமி சொன்னதா நினைச்சுக்கிடட்டும்னுதான். குரலைக் கனமாக்கக்கூட மறந்துட்டேன். நல்ல வேளை அவளுக்கு வித்தியாசம் தெரியல. சேலைத் தலைப்பை எடுத்து அந்தப் படத்தைத் துடைச்சா. அங்க அவ துடைக்கிறா, இங்க எனக்குக் கன்னம் கூசுது. என்ன கருமமோ. அன்னைக்குத் தட்டுல ரெண்டு கரண்டி பொங்கல் இருந்துச்சு. தட்டைச் சத்தமில்லாம வச்சா.

இப்ப சொல்லுங்க, யாருக்கு எரியாது? மூஞ்சி என்னுது, குரல் என்னுது, தைலம் நான் வாங்கினது. பாசமெல்லாம் ஒரு சாயம் பூசின பொய்க்கு. பொய்னா எனக்குத் தெரியும் தம்பி, பொய்யில ஒரு அழகு வேணும், உழைப்பு வேணும். குருவிக் குஞ்சுக்கு நான் எத்தனை நாள் யோசிச்சேன்! அவன் ஒரு குமிழைத் தள்ளுறான், முடிஞ்சுபோச்சு. அந்தப் பொய்ய ஊரே கும்பிடுது.

ஆனா அவ அப்படிப் பேசுறது நின்னுரக் கூடாதே. அதுதான் என் பயம்.

டாக்டரு புரையை எடுத்தார்னா அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போகும். இப்பவே அப்பப்ப தெரியுதோன்னு ஒரு சந்தேகம். என் சட்டையில பீடிப்பொறி விழுந்து ஓட்டையானா மட்டும் எப்படியோ கண்டுபிடிச்சு, ஊசியில நூல் கோத்துத் தைச்சு மடிச்சு வச்சிருப்பா. அது பழக்கத்துல பண்ணுறது. முகம் தெரியிறது வேற. கட்டு அவுத்ததும் முதல்ல பையில இருக்கிற படத்தைத்தான் எடுத்துப் பாப்பா. அப்புறம் எதுத்தாப்புல என்னைப் பாப்பா. ஐயோ, இந்த மனுஷன்கிட்டயா இத்தனை நாள் எல்லாத்தையும் கொட்டினோம்னு கண்ணாடியைப் போட்டு உடைச்சுட்டா? மறுபடி பதினோரு வருஷமா? எனக்கு அவ்வளவு ஆயுசு இல்ல தம்பி.

அதனால ஒரு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல சலூன் இருக்கு, போன தடவை கண்ணைச் சோதிக்க அவ வந்தப்ப, பின்னாலயே வந்து பாத்து வச்சுட்டேன். அவளை உள்ள கூட்டிட்டுப் போனதும் நான் போய் இந்தத் தாடியை வழிச்சிருவேன். இருபத்தெட்டு வருஷத்துத் தாடி. போகட்டும். தாடி இல்லாட்டி படத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அவ பாட்டுக்குப் படத்துக்கிட்ட பேசட்டும், நான் பாட்டுக்குக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிடுறேன்.

நான் எதுக்கு வாரேன்னு கேக்குறீங்களா? அது இன்னொரு கூத்து. கூட யாராவது வரணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இவ போன திங்கள்கிழமை படத்துக்கிட்ட சொல்றா, "வியாழக்கிழமை காலையில ஏழரை பஸ்ஸு சாமி. நீங்கதான் கூட வரணும். வெளுத்த வேட்டி அலமாரியில மேல் தட்டுல இருக்கு." படத்துக்கு எதுக்குய்யா வேட்டி? அது இடுப்போட முடிஞ்சு போச்சே! படம் மட்டும் துணைக்குப் போனா ஆஸ்பத்திரியில சேத்துக்கிடுவானா? அதான் நானும் வேட்டியைக் கட்டிக்கிட்டுப் பின்னாலயே ஏறி உட்கார்ந்துட்டேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. டிக்கெட்டை மட்டும் ரெண்டா வாங்கியிருக்கா. படத்துக்கும் சேத்து வாங்கியிருப்பா போல, கண்டக்டரு அதை என்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாரு.

என்ன தம்பி, கண்ணு சொக்குதா? மதுரை வந்தாச்சு, அந்தா பாருங்க, வண்டி ஓரம் கட்டுது. அவ எந்திரிச்சுட்டா. பையைத் தோள்ல மாட்டிட்டா. பைக்குள்ள குனிஞ்சு படத்துக்கிட்ட என்னமோ சொல்றா. குனிஞ்சு சொன்னாலும் பஸ் முழுக்கக் கேக்குது, கேளுங்க:

"சாமி, எறங்குற எடம் வந்தாச்சு. அந்தத் தம்பியை விடுங்க, பாவம், அவரு திருமங்கலத்துலேருந்தே தூங்கி விழுறாரு. சலூனுக்கெல்லாம் ஒண்ணும் போக வேண்டாம். கட்டு அவுக்கையில இந்தத் தாடியோடதான் என் கண்ணுக்கு எதுத்தாப்புல உட்கார்ந்திருக்கணும். வாங்க. படி உயரம், பாத்து எறங்குங்க."

கேட்டீங்களா கூத்தை? எந்தத் தம்பியை விடணுமாம்? படத்துல வேற யாரு இருக்கா? பைக்குள்ள கிடக்கிற காகிதம் எப்படி சலூனுக்குப் போகும்? புரை மூளை வரைக்கும் ஏறிருச்சு தம்பி, டாக்டர்கிட்ட சொல்லணும். ஆனா ஒண்ணு, சாமி தாடியோட எதுத்தாப்புல இருக்கணும்னு அவளே சொல்லிட்டா. படத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார ஒரு ஆள் வேணுமில்ல? அதுக்கு நான்தானே கிடைப்பேன். த்தூ, என் தலையெழுத்து.

இந்தா வாரேன், வாரேன் சீனி! நீ எறங்கு, நான் பையைப் பிடிச்சுக்கிடுறேன்!

என்ன தம்பி, அப்படி முழிக்கிறீங்க? இப்ப ‘சீனி’ன்னு கூப்பிட்டது யாரு? நானா? இருக்காது தம்பி. நான் அவகூடப் பேசி பதினோரு வருஷமாச்சு.